மூன்று விரல் குட்டை

1

இந்தக் கதை எனக்கு ஒரு மெத்தையோடு இலவசமாக வந்தது. மெத்தைக்காரர் தன் பழைய பிக்கப்பில் கொண்டுவந்து இறக்கினார். வழியனுப்பும்போது மரியாதைக்காக வண்டிக் கதவைத் திறந்துவிட்டேன்; கதவு என் கையோடு வந்துவிட்டது. "பரவாயில்லைங்க, அதுக்குப் பழக்கம்தான்" என்று வாங்கி மாட்டிக்கொண்டே கதையைச் சொன்னார். பாதியில் நிறுத்திவிட்டுக் கிளம்பினார். இன்னொரு வீட்டில் மெத்தைக்குக் காத்திருக்கிறார்களாம். வேலை இருப்பவர்கள் பாதியில் விட்டுப்போகும் கதைகளுக்காகத்தான் எழுத்தாளன் என்று ஒருவனைக் கடவுள் சும்மா உட்கார்த்திவைத்திருக்கிறார்.

2

முதல் தொடக்கம்: "காலம் என்னும் துரு, உறவுகளின் சட்டகத்தை அரித்து..."

[வேண்டாம். வண்டியைத் தாங்கும் அடிச்சட்டமான சேஸில் விரலை வைத்தால் விரல் மறுபக்கம் எட்டிப்பார்க்கிறது. இதில் காலம் எங்கே வந்தது?]

இரண்டாவது தொடக்கம்: "மேலே பழைய உடம்பு, கீழே புதிய எலும்பு என்றால் அது அதே வண்டிதானா, அல்லது..."

[இரண்டு பக்கம் எழுதிக் கிழித்தேன். மெத்தைக்காரரிடம் இதைக் கேட்டிருந்தால், "ஓடுமா, ஓடாதா?" என்று திருப்பிக் கேட்டிருப்பார். தத்துவம் அந்த இடத்தில் இறங்கிக்கொள்ளும்.]

3

விஷயம் இதுதான். பிக்கப்பின் கேபினும் பின்தொட்டியும், அந்தக் கதவை விட்டுவிட்டால், கல்லுக்குண்டாக இருக்கின்றன. தாங்கும் சேஸ் இற்றுவிட்டது. வண்டி நின்றால் மெத்தைக்காரரின் தொழிலும் படுத்துவிடும். ஒரே வழி, புதிய வண்டி ஒன்றின் சேஸில் இந்த உடம்பைத் தூக்கி உட்காரவைப்பது.

அப்படியொரு சேஸ் அவருடைய மைத்துனரின் பட்டறையில், தார்ப்பாய்க்குக் கீழே இருந்தது. மைத்துனர் மெக்கானிக். ஒரு வளைவில் அவருடைய சொந்தப் பிக்கப், புதியது, உருண்டது. மேல்பாகம் அப்பளமாயிற்று, சேஸுக்கு ஒரு கீறலும் இல்லை. அவருக்கும் அப்படித்தான் என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அன்றைக்குப் பிறகு அவர் ஸ்டீயரிங்கைத் தொடவில்லை. வேலை முடிந்த வண்டியை, "நீங்களே ஓட்டிப் பாருங்க சார், அப்பதான் உங்களுக்குத் திருப்தி" என்று சொந்தக்காரரிடமே தள்ளிவிடுவார்.

"எடுத்துக்கோங்க மாமா. சும்மாதானே கிடக்குது."

"அதைச் சரிபண்ணி ஓட்டப்போறேன்னு சொல்லிக்கிட்டே இருந்தியே மாப்ள?"

"சொல்றதுக்கென்ன, பெட்ரோலா செலவாகுது?"

மெத்தைக்காரரின் மனைவி கையில் ஊசிநூலோடு நின்றாள். மெத்தை உறை தைப்பவள், மெக்கானிக்குக்கு அக்கா. "டேய், பயம்னா பயம்னு சொல்லு. வள்ளல் வேஷம் போடாதே."

"எனக்கென்னக்கா பயம்?"

"ஆமாமா. பஸ்ஸுல ஜன்னலோரம்கூட உட்காரமாட்டேங்கிற வீரன்!"

மெக்கானிக் தார்ப்பாயை இழுத்து ஒழுங்காக மூடினார். அந்த மூடலில் மெத்தைக்காரருக்கு ஏதோ சுருக்கென்றது. இந்தச் சேஸை வாங்கிக்கொண்டால் தன் வண்டி பிழைக்கும். ஆனால், 'நீ இனிமேல் ஓட்டமாட்டாய்' என்று மைத்துனரின் முகத்துக்கு நேரே ஒத்துக்கொண்டதாகவும் ஆகும்.*

* முதல் வரைவில் மெத்தைக்காரர் பேராசைக்காரர். சேஸைக் கண்டதும் கயிற்றைக் கட்டி இழுத்துப் போய்விட்டார். கதை ஒரு பக்கத்தில் முடிந்தது. பத்திரிகைகளுக்கு அதுதான் வசதி. எனக்குத்தான் அவரைத் திட்ட வாய் வரவில்லை. கதவு கையோடு வந்தபோது, 'உங்களுக்கு அடிபட்டதா?' என்றுதான் அவர் முதலில் கேட்டார்.

4

மெக்கானிக் இரும்பு டேப்பால் சேஸை அளந்து எண்ணைச் சொல்லியிருந்தார். மறுநாள் மெத்தைக்காரர் தன் வண்டியின் மேல்பாகத்தை அளந்துகொண்டு மனைவியோடு வந்தார், கழுத்தில் எப்போதும் தொங்கும் துணி டேப்பால்.

"உட்காராது மாப்ள. நம்ம வண்டி மூணு விரல் குட்டை. போல்ட் ஓட்டை எதுவும் சேராது."

இங்கே வாசகருக்கு ஒரு தகவல். அந்தத் துணி டேப் இழுபட்டு இழுபட்டு நீண்டுபோனது. அதனால் அவர் செய்யும் மெத்தை எல்லாமே கட்டிலைவிட மூன்று விரல் நீளம். ஊருக்கே தெரியும். வாங்கியவர்கள் கூடுதலாகக் கிடைத்ததென்று வாழ்த்திவிட்டுத் தூங்குகிறார்கள். நீண்ட டேப்பால் அளந்தால் எந்தப் பொருளும் குட்டையாகத்தான் தெரியும். அதாவது வண்டி குட்டை இல்லை. கச்சிதமாக உட்காரும்.

தெரியாமல் அளந்தாரா, தெரிந்தே அளந்தாரா? என்னிடம் அவர் சொல்லவில்லை. தெரிந்தே என்றால் அது பொய். நானோ சாமி கும்பிடாமல் பேனாவைத் தொடாதவன். என் பாத்திரத்தைப் பொய் சொல்ல விடலாமா? கண்டித்து ஒரு பத்தி எழுதினேன். வாசித்துப் பார்த்தேன். கடவுளே கொட்டாவி விட்டிருப்பார். அடித்துவிட்டேன்.

5

முடிவு (அ): சேஸ் மாறுகிறது. வண்டி ஓடுகிறது. மெத்தைகள் போய்ச் சேருகின்றன. தார்ப்பாயை மடித்து மூலையில் வைக்கிறார்கள்.

முடிவு (ஆ): பிக்கப் காயலான் கடைக்குப் போகிறது. மெத்தைக்காரர் வாடகை வண்டிக்கு அலைகிறார். மெக்கானிக் ஒருநாள் தன் வண்டியைக் கட்டி எழுப்பி... [ஓட்டுவாரா? எனக்கு எப்படித் தெரியும்? ஓட்டுவார் என்று எழுதினால் பரிசு கிடைக்கும்.]

ஆகவே பட்டறையிலேயே நிற்கிறேன். மெக்கானிக் துணி டேப்பைப் பார்க்கிறார். பிறகு அக்காவைப் பார்க்கிறார். தினமும் அந்த டேப்புக்குத்தான் அவள் உறை வெட்டுகிறாள். அதன் நீளம் அவளைவிட யாருக்குத் தெரியும்?

"உங்க மாமா அளந்தா அளந்ததுதான்டா" என்கிறாள், கண் இமைக்காமல்.

மெக்கானிக்கின் சட்டைப்பையில் இரும்பு டேப் இருக்கிறது. கை அதன்மேல் போகிறது. எடுத்தால் உண்மை வெளியே வரும். மாமாவின் பிழைப்பு காப்பாற்றப்படும். எடுக்காவிட்டால், சேஸ் அவரிடமே தங்கும்; தன்னால் இன்னும் ஓட்ட முடியும் என்று இரண்டு பேர் நம்புவதை அவர் ஏற்றுக்கொண்டாக வேண்டும். அதற்கு அவர் ஓட்டியே ஆகவேண்டும்.

எது கருணை என்று எனக்குத் தெரிந்திருந்தால் கட்டுரை எழுதியிருப்பேன். இனி உங்கள் பாடு. கொஞ்சம் சீக்கிரம் சொல்லுங்கள். அக்கா மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள்.