பச்சைப் புள்ளி வாங்கிய அறை

ரெக்கார்டு ரூம்காரருக்கு இந்த உலகத்தில் ஒரே ஓர் எதிரிதான்: சம்பந்தியின் வயிறு.

சம்பந்தி தங்கமான மனிதர். ஆனால் ஓர் ஏப்பம் வந்தால் போதும், அதன் முன்கதை, பின்கதை, கிளைக்கதை எல்லாவற்றையும் இவருக்குப் போன் போட்டுச் சொன்னால்தான் அடுத்த ஏப்பம் வரும். பேசி முடிக்கும்போது இவர் காதில் முட்டை பொரிக்கலாம்.

"ரிங் போனா எடுத்தே ஆகணும். அங்க வாழப்போனது நம்ம பொண்ணு," என்பது மனைவியின் ஆணை. ரிங்கே போகாவிட்டால்? அதற்கு மட்டும் ஆணையில் விலக்கு உண்டு.

அந்த விலக்குக்காகவே கட்டியது போல இருந்தது ரெக்கார்டு ரூம். ஒரு காலத்தில் பெட்டகம் வைத்திருந்த அறை. பீரங்கி வைத்தாலும் அசையாத சுவர், இரும்புக் கதவு. பின்னாளில் காற்றுக்காக வெட்டிய ஒற்றை ஜன்னலையும் ஆளுயர இரும்பு பீரோக்கள் அடைத்து நின்றன. உள்ளே போனால் செல்போன் செங்கல்லாகிவிடும். பத்து மணிக்கு நுழைந்து ஐந்து மணிக்கு வெளியே வருவார், இமயத்தில் தவம் முடித்து இறங்கியவர் போல.

இந்தச் சொர்க்கத்தின் தலையில்தான் இடி விழுந்தது. அலுவலகத்தில் மூலைமுடுக்கெல்லாம் சிக்னல் கிடைக்கச் செய்யப் போகிறார்களாம். அளவெடுக்க ஓர் இன்ஜினீயர் பெண் வந்தாள். தூங்குகிற குழந்தையைத் தூக்கிப் போவது போலப் போனை நெஞ்சுக்கு நேரே பிடித்து, அடிமேல் அடி வைத்து நடந்தாள். மற்றொரு கையிலிருந்த பலகைத் திரையில் கட்டடத்தின் வரைபடம். நடக்க நடக்க அதில் புள்ளிகள் விழுந்தன.

ரெக்கார்டு ரூம்காரர் மாடி மாடியாக அவள் பின்னாலேயே அலைந்தார்.

"சிவப்பு விழுந்தா என்னம்மா அர்த்தம்?"

"சிக்னல் இல்லைன்னு அர்த்தம் சார். அங்க மேல ஒரு ஆன்டெனா வைப்போம்."

"பச்சை விழுந்தா?"

"நல்லாத்தானே இருக்கு, எதுக்கு வைக்கணும்? இந்த ரூமையே பாருங்க, பீரோ ஜன்னலை மறைக்குது, அதான் சிவப்பு. இரும்பு சிக்னலை விடாது."

அவருக்குள் ஆயிரம் விளக்கு எரிந்தது. ரெக்கார்டு ரூமுக்கு ஓடினார். வாட்ச்மேனைக் கெஞ்சிக் கூத்தாடி, பீரோக்களை எல்லாம் நடைவழிக்குத் தள்ளினார். ஜன்னலைத் திறந்தார். எதிர்க் கட்டட மாடியில் செல்போன் டவர் கூப்பிடு தூரத்தில் நின்றது.

அவள் வந்து பார்த்துத் தயங்கினாள். "என்ன சார், பீரோல்லாம் வெளிய நிக்குது? இடம் எப்பவும் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கணும். இல்லைன்னா அளவு தப்பாயிடும்."

"இனிமே இப்படித்தாம்மா இருக்கும். காத்தோட்டமா!"

அறை முழுக்கப் புல்வெளி போலப் பச்சை. "இங்க ஆன்டெனா தேவையில்ல," என்று அவள் குறித்துக்கொண்டாள். அவள் வாசலைத் தாண்டுவதற்குள் பீரோக்கள் பழைய இடத்துக்குத் திரும்பிவிட்டன.

கட்டடம் முழுக்க ஆன்டெனா வந்தது. படிக்கட்டில் சிக்னல், கழிப்பறையில் சிக்னல், எறும்புப் புற்றுக்குள்கூடச் சிக்னல். ரெக்கார்டு ரூமில் மட்டும் செங்கல். தம்மைத் தாமே முதுகில் தட்டிக்கொண்டார்.

ஆனால் வெளியே மேனேஜரின் பாடு திண்டாட்டமாகிவிட்டது. அவர் மீட்டிங்கில் வாயைத் திறந்தால் பன்னிரண்டு போன்கள் பாடின. முன்பெல்லாம் சிக்னலின்றிக் கம்மென்று கிடந்தவை! தலையைப் பிடித்துக்கொண்டு ஏதோ பழைய கோப்பைத் தேடி ரெக்கார்டு ரூமுக்கு வந்தவர், அப்படியே நின்றார். தம் போனைப் பார்த்தார். இரும்புக் கதவைப் பார்த்தார். புதையல் கண்டவர் போலச் சிரித்தார்.

"யோவ், இந்த இடத்தை இத்தனை நாளா எங்கய்யா ஒளிச்சு வச்சிருந்தே? இனிமே மீட்டிங் இங்கதான். தினமும்!"

மேனேஜரின் பேச்சுக்கு முற்றுப்புள்ளி கிடையாது. காற்புள்ளிகூட அவர் மூச்சு வாங்கும்போதுதான். மேசை வந்தது, நாற்காலிகள் வந்தன, கதவு சாத்தப்பட்டது. "நம்மளோட இலக்கு என்ன?" என்று காலையில் தொடங்கினார். மதியம் வரை அது இன்னதென்று தெரியவில்லை. யாருக்கும் போன் வரவில்லை. எழுந்து போக ஒரு சாக்கும் இல்லை. ரெக்கார்டு ரூம்காரருக்குத் தம் ஆயுள் கண்ணெதிரே கரைவது தெரிந்தது. வாழ்க்கையில் முதல்முறையாகச் சம்பந்தியின் வயிற்றை ஏக்கத்தோடு நினைத்தார்.

மூன்றாம் நாள் மீட்டிங்கில் பீரோவை ஒட்டி இடம் பிடித்தார். மேனேஜர் இலக்கைத் தேடிக்கொண்டிருக்கையில், இவர் முதுகை பீரோவில் கொடுத்து மெல்ல அழுத்தினார். அது முனகிக்கொண்டே ஒரு சாண் நகர்ந்தது. ஜன்னல் ஓரமாக ஒரு கீற்று வெளிச்சம் விழுந்தது.

சட்டைப்பையில் போன் அலறியது.

"யாருய்யா அது?" மேனேஜர் அதிர்ந்தார். "இங்கதான் டவரே கிடையாதே!"

"சம்பந்தி சார்... பொண்ணு கொடுத்த இடம். எடுக்கலைன்னா தப்பாயிடும்."

மேனேஜரும் பெண்ணைக் கட்டிக்கொடுத்தவர்தான். பெருமூச்சோடு கதவைக் காட்டினார்.

ரெக்கார்டு ரூம்காரர் படிக்கட்டில் போய்ச் சப்பணமிட்டு அமர்ந்தார். "வணக்கம் சம்பந்தி," என்றார் நெகிழ்ந்து. "வயிறு எப்படி இருக்கு? அவசரமே இல்ல... நேத்து ராத்திரியிலேர்ந்து ஒண்ணு விடாம சொல்லுங்க."