செத்தவன் விழுங்க மாட்டான்

பிரேதப் பரிசோதனைக் கூடத்தில் பன்னிரண்டு வருடம் நான் டைப்பிஸ்டாக இருந்தேன். டாக்டரம்மா மேஜையருகே நின்று சொல்லச் சொல்ல, கண்ணாடித் தடுப்புக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அடிப்பது என் வேலை. சேர்ந்த புதிதில் மூக்கைப் பொத்திக்கொண்டு ஒரே கையால் அடித்தேன். பிறகு மூக்கு தானாகவே ராஜினாமா செய்துவிட்டது.

அன்று காலை ஒன்பது மணிக்கு வந்தது ஒரு வயரிங் வேலைக்காரனின் உடல். இருபத்தாறு வயது. பனியனும் கால்சட்டையும் போட்டிருந்தான். கூடவே இன்ஸ்பெக்டரின் குறிப்பு: கத்தியோடு எதிரே பாய்ந்து வந்தான், முப்பதடி தூரத்திலிருந்து தற்காப்புக்காகச் சுட்டோம், அந்த இடத்திலேயே உயிர் போய்விட்டது.

டாக்டரம்மா அதைப் படித்துவிட்டு மடித்து வைத்தார். "கதையெல்லாம் அப்புறம். திருப்பிப் போடுங்க" என்றார் ஊழியர்களிடம்.

திருப்பினார்கள். இடது முதுகின் மேல்புறம், கழுத்தும் தோளும் சேருகிற இடத்தில், பனியன் மறைக்காத தோலில் ஒரு சின்ன வட்ட ஓட்டை. விளிம்பு உள்ளே மடங்கி, சுற்றிலும் சிராய்ப்பு வளையம். குண்டு உள்ளே போன வழி அதுதான் என்று எனக்கே தெரியும், அத்தனை பார்த்திருக்கிறேன். அதைச் சுற்றி மிளகுத்தூள் தூவியதுபோலக் கரும்புள்ளிகள்.

ஈரப் பஞ்சால் துடைத்தார். பஞ்சு கறுத்தது. புள்ளிகள் போகவில்லை.

"புகைக்கரி துடைச்சா வந்துடும். இது தோல்ல குத்தி உள்ள போன வெடிமருந்து. முப்பதடி தூரம் இது பறக்காது" என்றவர், தன் கையை நீட்டிக் காட்டினார். "இவ்வளவுதான் தூரம். அடி."

அடித்தேன்.

குண்டு மேலிருந்து கீழ்நோக்கி இறங்கி, இடது நுரையீரலைத் துளைத்து, முன்பக்கம் மார்புத் தோலுக்கு அடியில் தங்கியிருந்தது. துணி சுற்றிய விரலால் எடுத்தார். இரும்பு இடுக்கி பட்டால், எந்தத் துப்பாக்கி என்று காட்டிக்கொடுக்கும் கீறல்கள் கெட்டுவிடும். இடது மார்புக்குள் தேங்கியிருந்த ரத்தத்தைக் கரண்டியால் மொண்டு அளந்தார்கள். ஒன்றே முக்கால் லிட்டர். அவனைக் கொன்றது அந்தக் கசிவுதான்.

பிறகு இரைப்பையைத் திறந்தார். உள்ளேயும் ரத்தம், ஒரு டம்ளர் அளவுக்கு, கட்டிகட்டியாக. டாக்டரம்மா இரைப்பையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். எங்கும் காயமில்லை.

"நுரையீரல் ரத்தம் இருமி இருமித் தொண்டைக்கு வந்திருக்கு. முழுங்கியிருக்கான். செத்தவன் விழுங்க மாட்டான். குண்டு பட்டு சில நிமிஷமாவது உயிரோட இருந்திருக்கான். என்ன நிறுத்திட்ட? அடி."

மதியம் துறைத்தலைவர் வந்தார். எதைக் கேட்டாலும் 'பார்க்கலாம்' என்பதால் அவருக்கு எங்கள் கூடத்தில் 'பார்க்கலாம் சார்' என்றே பெயர். கூடவே இன்ஸ்பெக்டரும் வந்து வாசலில் நின்றுகொண்டார்.

"ரெண்டே ரெண்டு விஷயம்தான்மா. அந்தத் தூரம், அந்த நிமிஷக் கணக்கு. அதை எடுத்துட்டா யாருக்கும் தலைவலி இல்ல" என்றார் தலைவர்.

"எனக்கு ஏற்கெனவே தலைவலி இல்லையே சார்."

"வளைஞ்சு குடுத்துப் போகக் கத்துக்கோங்க."

டாக்டரம்மா கையுறையைக் கழற்றவில்லை. "உடம்பு இன்னும் மேஜையிலதான் இருக்கு. நீங்க என் சீனியர். உள்ள வாங்க, நீங்களே பாருங்க. நான் சொன்னது தப்புன்னா உங்க கையால எழுதி, உங்க கையெழுத்தைப் போடுங்க. நான் ஒதுங்கிக்கிறேன். பாக்கலாமா சார்?"

அவர் அந்த வார்த்தையைச் சொல்லாமல் திரும்பிப் போனது அன்று ஒருநாள்தான்.

ஆனால் அரைமணி நேரத்தில் என் மேஜைக்கு வந்தார். குரலை இறக்கி, "ரெண்டாம் பக்கத்தை மட்டும் மாத்தி அடிச்சுடு. அவங்க கையெழுத்து கடைசிப் பக்கத்துலதானே இருக்கு?" என்றார்.

என் வீட்டுக்காரருக்கு வேலை போன வருடம் அது. தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று எனக்கே தெரியாது. சம்மதம் என்று எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

அந்த டம்ளர் ரத்தம் கண்ணை விட்டுப் போகவில்லை. நாலு பக்கத்தையும் அச்செடுத்துக்கொண்டு டாக்டரம்மாவிடம் போனேன்.

"மேடம், ஒவ்வொரு பக்கத்துலயும் கையெழுத்துப் போடுங்க. ஓரத்துல முத்திரையும் வைங்க."

அவர் என் முகத்தைப் பார்த்தார். பேனாவைத் திறந்து நாலு பக்கத்திலும் போட்டார்.

வெளியே பெஞ்சில் இறந்தவனின் அக்கா காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாள். போலீஸ் நிலையத்தில் ஒருவரை இன்ஸ்பெக்டர் அடித்ததைப் பார்த்தேன் என்று தம்பி புகார் எழுதிக் கொடுத்திருந்தானாம். வீட்டில் தூங்கிக்கொண்டிருந்தவனைப் பனியனோடு இழுத்துப் போயிருக்கிறார்கள்.

டாக்டரம்மாவைக் கண்டதும் எழுந்தாள். "உடனே போயிட்டானா டாக்டரம்மா? கஷ்டப்படாமப் போயிட்டான்னு போலீஸ்ல சொல்றாங்க."

ஆமாம் என்று சொல்லிவிடுவார் என்றுதான் நினைத்தேன். நானாக இருந்தால் சொல்லியிருப்பேன்.

"இல்லம்மா. கொஞ்ச நேரம் உயிரோட இருந்தான். மூச்சுத் திணறியிருப்பான். உடனே தூக்கிட்டு ஓடியிருந்தாப் பிழைச்சிருக்கலாம். நிச்சயமாப் பிழைச்சிருப்பான்னு சொல்ல மாட்டேன். ஆனா அந்த வாய்ப்பை அவனுக்கு யாரும் குடுக்கல."

அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தேன், வரவில்லை. "இதை எழுதியிருக்கீங்களா?" என்று கேட்டாள்.

"எழுதியிருக்கேன்."

எழுதிக் கேட்டால் உறவினருக்கு நகல் தரலாம் என்று விதி இருக்கிறது. பொதுவாக மூன்று மாதம் இழுத்தடிப்போம். ஒரு வெள்ளைத்தாளை அவளிடம் நீட்டினேன். "இங்கயே எழுதிக் குடும்மா. இப்பவே தர்றேன்." நேரத்தோடு பதிவேட்டில் ஏற்றி, நகலைக் கொடுத்தேன். அதை முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வேகமாக நடந்தாள்.

பத்து நாளில் டாக்டரம்மாவைக் காட்டோர ஆஸ்பத்திரிக்கு மாற்றினார்கள். அங்கே பாம்புக்கடி தவிர வேறு எதுவும் வராது. என்னைப் பழைய கோப்புகள் அடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். தூசியில் தும்மித் தும்மி, ராஜினாமா செய்திருந்த மூக்கு வேலைக்குத் திரும்பியது.

எட்டு மாதம் கழித்து விசாரணை வந்தது. அரசுத் தரப்புக் கோப்பில் இரண்டாம் பக்கம் வேறாக இருந்தது. தூரமும் இல்லை, விழுங்கிய ரத்தமும் இல்லை, ஓரத்தில் கையெழுத்தும் இல்லை. அக்கா தன் நகலை நீட்டினாள். நீதிபதி இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து வெகுநேரம் பார்த்தார்.

இன்ஸ்பெக்டரின் வக்கீல் டாக்டரம்மாவை மடக்கப் பார்த்தார். "சுட்டப்ப நீங்க அங்க இருந்தீங்களா?"

"இல்ல."

"அப்ப அவன் மண்டி போட்டிருந்தான்னு எப்படிச் சொல்றீங்க?"

"நான் அப்படிச் சொல்லவே இல்லையே. பின்னாலிருந்து, மேலிருந்து கீழா, கைக்கெட்டுற தூரத்துல சுட்டாங்கன்னு மட்டும்தான் சொன்னேன். மண்டிங்கற வார்த்தை உங்களோடது."

வக்கீல் உட்கார்ந்துவிட்டார். இன்ஸ்பெக்டர் மேல் கொலை வழக்குப் பதியவும், பக்கத்தை மாற்றியது யார் என்று விசாரிக்கவும் உத்தரவானது. அதை எதிர்த்து மேல்முறையீடு இன்னும் நடக்கிறது. இன்ஸ்பெக்டர் ஜாமீனில்தான் இருக்கிறார். டாக்டரம்மா காட்டோரத்திலேயே இருக்கிறார். அக்கா ஒரு வாய்தா தவறாமல் முதல் வரிசையில் போய் உட்காருகிறாள்.

போன வாரம் எனக்கு ஒரு மெமோ வந்தது. மேலிடத்து அனுமதி இல்லாமல் அன்றைக்கே நகல் கொடுத்தது ஏன், ஏழு நாளைக்குள் விளக்கம் தர வேண்டும் என்று. ஏழு நாள் எதற்கு? அந்த மெமோவின் பின்பக்கத்திலேயே எழுதிக் கொடுத்தேன்: "கேட்டார்கள், கொடுத்தேன். நாளைக்கு வேறு யார் வந்து கேட்டாலும் கொடுப்பேன்."