அலமாரியில் மாட்டிய பேட்ஜ்

1

இந்தக் கதை என் சொந்தச் சரக்கு இல்லை. நாத்தனார் கொடுத்தது. பட்டறை பட்டறையாகப் போய், வேலையாட்கள் சுவாசிக்கும் காற்றில் என்ன கலந்திருக்கிறது என்று பார்ப்பது அவள் உத்தியோகம். காற்றில் உள்ள ரசாயனத்தைப் பிடித்துவைக்கும் பேட்ஜ் ஒன்றை ஆளுக்கு ஆள் சட்டையில் குத்திவிடுவாள். ஒரு வாரம் கழித்து வாங்கிப்போய்ச் சோதனைக்குக் கொடுப்பாள்.

"காத்தை அளக்கறேன்னு பேரு, அண்ணி. அளக்கறதெல்லாம் சாப்பாட்டு டப்பாவைத்தான். நான் இந்தப் பக்கம் வந்ததும் கழட்டி டப்பாக்குள்ள போட்டு மூடிடறாங்க."

"ஏன்டி?"

"ரிசல்ட் மோசமா வந்தா கடையை மூடிடுவாங்கன்னு பயம்."

நான் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

2

'ரசாயனங்கள் சூழ்ந்த இன்றைய வாழ்வில்...' [அடித்துவிட்டேன். இப்படி ஆரம்பித்தால் நானே படிக்க மாட்டேன்.]

'அந்தக் கடைக்குள் நுழைந்தாலே ஒரு இனிப்பு வாசனை, அது...' [வேண்டாம். வாசலிலேயே நின்றுவிடுவேன்.]

நேராகவே சொல்கிறேன். ஒரு டிரை கிளீனிங் கடை. அதில் இஸ்திரி போடுகிறவள் ஒருத்தி. எதிலும் ஒரு படி அதிக ஜாக்கிரதை. டப்பாவும் கடைக்குள்தானே இருக்கிறது என்று யோசித்தவள், தன் பேட்ஜை வீட்டுக்கே கொண்டுபோய், மகள் படுக்கும் அறையில் அலமாரிக்குள் மாட்டிவிட்டாள்.*

* இந்தச் சாமர்த்தியத்தை நான் கற்பனை செய்யவில்லை. எனக்கு அவ்வளவு மூளை இல்லை.

3

கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. எல்லார் பேட்ஜும் சுத்தம். அவளுடையது மட்டும் எல்லை மீறியிருந்தது.

அவளுக்கு உடனே புரிந்தது. கடையில் இலவசமாக வெளுத்துக் கொண்டுவந்த கம்பளிகள், பிளாஸ்டிக் உறையோடு, அந்த அலமாரியில்தான் இருந்தன. வெளுக்கும் ரசாயனத்தின் ஆவி அவற்றிலேயே தங்கியிருந்தது. அவற்றைத்தான் மகளுக்குப் போர்த்திவந்தாள். தலை வலிக்கிறது என்று மகள் சொன்னபோதெல்லாம், பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட சாக்கு என்று அதட்டியிருந்தாள்.

"எதுலதான் விஷம் இல்ல? சோப்புல இல்லையா, தண்ணியில இல்லையா?" என்றான் புருஷன். "எல்லாத்துக்கும் பயந்தா பொழைக்க முடியுமா?"

[இவனைக் கெட்டவனாக்கப் பார்த்தேன். முடியவில்லை. பாவம், அலுத்துப்போனவன். நாம் எல்லாரும் இப்படித்தானே பேசுகிறோம்?]

கம்பளிகளை வெளியே வீசினாள். உள்ளே போனதை எப்படி வீசுவது? மகளுக்கு ரத்தப் பரிசோதனை செய்ய என் நாத்தனார் எழுதித் தர வேண்டும். அதற்கு, பேட்ஜ் எங்கே இருந்தது என்று சொல்ல வேண்டும். சொன்னால், மற்றவர்கள் பேட்ஜ் எங்கே இருந்தது என்று கேள்வி வந்து, எல்லார் குட்டும் ரிப்போர்ட்டில் ஏறிவிடும்.

4

கடையில் நாத்தனார் கேட்டாள். "உங்களுக்கு மட்டும் ஏம்மா இவ்வளவு? எங்க நின்னு வேலை செய்யறீங்க?"

"மெஷின் பக்கத்துலன்னு சொல்லிடுங்கக்கா," என்று பின்னாலிருந்து ஒரு குரல் கிசுகிசுத்தது. "எங்களுக்கும் குழந்தை குட்டி இருக்கு."

5

முடிவு ஒன்று: உண்மையைச் சொல்கிறாள். மகளுக்குப் பரிசோதனை. கடைக்குப் பூட்டு. கூட வேலை பார்த்தவர்கள் தெருவில் முகத்தைத் திருப்பிக்கொள்கிறார்கள்.

முடிவு இரண்டு: "மெஷின் பக்கத்துல" என்கிறாள். அவள் இஸ்திரி மேஜையை மெஷினை விட்டுத் தள்ளிப் போடுகிறார்கள். வீட்டில் மகளுக்குத் தலைவலி... [இதை முடிக்க எனக்குக் கை வரவில்லை.]

முடிவு மூன்று: நாத்தனார் தானே ஊகித்து, கண்டும் காணாமல் எழுதிக் கொடுக்கிறாள். அவளிடமே படித்துக் காட்டினேன்.

"அப்புறம் நான் எதுக்கு அண்ணி பேட்ஜ் குத்தணும்?"

அடித்துவிட்டேன். "சரி, நிஜத்துல அவ என்னதான் சொன்னா?"

"சொல்ல மாட்டேன். சொன்னா, அதுதான் சரின்னு நீங்க எழுதிடுவீங்க."

எனக்கும் அலுத்துவிட்டது. பேனாவை உங்களிடம் தருகிறேன். அவள் வாய் திறக்கப் போகிறாள். என்ன சொல்ல வேண்டும் என்று நீங்களே சொல்லிக்கொடுங்கள். சொல்லிவிட்டு நீங்கள் புத்தகத்தை மூடிவிடலாம். அவள் வீட்டுக்குப் போக வேண்டும்.