முதல் துளித் திறப்புவிழா

கொக்குவிலில் உள்ள அந்தத் தனியார் புற்றுநோய்ச் சிகிச்சை நிலையத்தில் இரண்டு மருந்துகளை, ஒன்று முடிந்த பிறகுதான் மற்றது என்று ஏற்றி வந்தார்கள். ஐந்து மணித்தியாலம் பிடிக்கும். மருந்தாளர் ஆரணி ஆறு மாதம் மினக்கெட்டு, இரண்டையும் ஒரே வகைத் திரவத்தில், தனித்தனிப் பையில் கலந்து, இரண்டாகக் கவர்விட்ட குழாயால் ஒரே நேரத்தில் ஏற்றலாம் என்று காட்டினாள். இரண்டு மணித்தியாலம் போதும். புற்றுநோய் நிபுணரும் ஒப்பம் வைத்தார். நோயாளிக்கு மூன்று மணித்தியாலம் மிச்சம்.

அந்த மூன்று மணித்தியாலத்தை என்ன செய்வது என்று பணிப்பாளர் டொக்டர் அடைக்கலநாதனுக்குத் தெரியும். விழா வைத்தார்.

அழைப்பிதழில் பதினொரு நிகழ்ச்சிகள். பத்தாவது, பிரதம விருந்தினரான ஓய்வுபெற்ற ஆணையாளர் கிறிஸ்ரோபர் குழாயின் பூட்டைத் திறந்து 'முதல் துளி' விடுவது. அந்தத் துளி இறங்க வேண்டிய கை, உடுப்பிட்டி வெங்காயத் தோட்டக்காரர் நாகலிங்கத்தின் கை. எட்டரைக்கே ஊசியைக் குத்தி, மேடைக்குப் பக்கத்தில் சாய்கதிரையில் இருத்திவிட்டார்கள். மருந்துக் கம்பத்தில் சிவப்பு நாடா.

விழா ஒன்பதுக்கு. ஆணையாளர் பத்தே முக்காலுக்கு வந்தார். நேரத்துக்கு வந்தால் அவரைப் பார்வையாளர் என்று நினைத்துவிடுவார்கள்.

நாலாவது உரை நடந்துகொண்டிருக்க, ஆரணி தாதி கிறிஸ்ரினாவின் காதுக்குள் சொன்னது நாகலிங்கத்துக்கும் கேட்டது.

"எட்டு மணிக்குக் கலந்தது. ரெண்டு மணிக்குள்ளை ஏறி முடியவேணும். பன்னிரண்டுக்கு முன்னம் தொடங்காட்டி குப்பையிலை வீசத்தான் வேணும்."

"வேறை பை?"

"கொழும்பாலை வர ரெண்டு கிழமை."

கிறிஸ்ரினா பணிப்பாளரிடம் போய்க் குனிந்தாள். "சேர், பூட்டைத் திறக்கட்டோ? விழா அது பாட்டுக்கு நடக்கட்டும்."

"முதல் துளி பத்தாவது நிகழ்ச்சி, பிள்ளை. இப்ப நாலாவது."

திரும்பி வந்தவளை நாகலிங்கம் பிடித்துக்கொண்டார். "ரெண்டு கிழமை பிந்தினால் என்ன?"

"பிந்தக் கூடாது ஐயா."

ஆறாவது நிகழ்ச்சி, பயனாளியின் இரண்டு வார்த்தை. பதினொன்று நாற்பத்தேழுக்கு ஒலிவாங்கி நாகலிங்கத்தின் கைக்கு வந்தது. அவர் ஊரில் சனசமூக நிலையச் செயலாளர். இருபது வருடமாக, ஒருவரும் கேட்காத நன்றியுரை அவர் தலையில்தான் விழும்.

"இப்போது நன்றியுரை," என்றார்.

யாழ்ப்பாணத்தில் அந்தச் சொல்லுக்குத் தனிச் சக்தி. பின்வரிசை எழும்பிவிட்டது. பற்றிஸ் பலகாரத் தட்டுகள் வெளியே வந்தன.

"சற்று முன்னர் தமது பொற்கரத்தால் முதல் துளியை விட்டுத் தொடக்கி வைத்த ஆணையாளர் ஐயாவுக்கு எங்கடை நன்றி."

செய்யாத வேலைக்குப் பாராட்டு வாங்குவது ஆணையாளருக்குப் புதிதல்ல. ஆனால் இம்முறை மண்டபம் முழுக்கப் பொற்கரத்தைப் பார்த்தது. எழும்பிப் போய், நாடாவை விலக்கி, கிறிஸ்ரினா காட்டிய இரண்டு பூட்டையும் திறந்தார். துளி விழுந்தது. பன்னிரண்டுக்கு இன்னும் ஒன்பது நிமிடம் இருந்தது.

"இன்னும் மூண்டு பேர் கதைக்க இருக்கு," என்றார் பணிப்பாளர்.

"நன்றி சொல்லியாச்சே, டொக்டர்," என்றார் ஆணையாளர், பற்றிஸ் பக்கம் நடந்தபடியே.

மண்டபம் வெறுமையானது. சிறப்புரை பணிப்பாளருடையது. பதினான்கு பக்கம். அதைக் கையில் பிடித்தபடி அவர் சாய்கதிரைக்குக் கிட்ட வந்தார்.

"நீர் செய்தது சரியில்லை, நாகலிங்கம்."

"ஓம், டொக்டர்."

"இந்த முறையின்ரை அருமை உமக்கு விளங்கவேணும்." கதிரையொன்றை இழுத்துப் போட்டு, கண்ணாடியை மாட்டினார். "மனித நாகரிகத்தின் விடியலிலே..."

கையில் ஊசி. ஓட வழியில்லை. நாகலிங்கம் கிறிஸ்ரினாவைப் பார்த்தார். "எவ்வளவு நேரம், பிள்ளை?"

"ரெண்டு மணித்தியாலம் ஐயா. பழைய முறையெண்டால் ஐஞ்சு."

நாகலிங்கம் மூலையில் நின்ற ஆரணியைத் தேடி, ஊசியில்லாத கையை நெஞ்சில் வைத்தார். "நீ நல்லாயிருப்பாய், பிள்ளை."