வெள்ளை நாடா

அழகமுத்துவுக்கு விஞ்ஞானம் தெரியும். இதை ஊர் சொல்லவில்லை, அவனே சொன்னான். தேயிலை ஃபாக்டரியின் ரோலர் ரூமில் அவனோடு வேலை செய்கிறவர்கள் இதைக் கேட்டுக் கேட்டு, மெஷின் சத்தம் எவ்வளவோ மேல் என்ற முடிவுக்கு வந்திருந்தார்கள்.

றக்வானையிலிருந்து பஸ் முக்கி முனகி ஏறி வந்து நிற்கிற சந்தியிலிருந்து இன்னும் ஒரு கட்டை, அதாவது ஒரு மைல், நடந்தால் அவன் தோட்டம். அந்தத் தோட்டத்தில் குடைக் கம்பியில் டிவி அன்டெனா செய்த முதல் ஆள் அவன்தான். டிவியில் படம் விழவில்லை. மழை விழுந்தபோது கையில் குடையும் இல்லை. ஆனாலும் அது தோல்வி இல்லையாம், பரிசோதனையாம். கையில் அகப்பட்ட எதையும் கழற்றாமல் விடமாட்டான். திரும்பப் பூட்டும்போது இரண்டு ஸ்குரு மிஞ்சும். அவற்றைப் போட்டுவைக்க ஒரு பால்மா டின் வைத்திருந்தான். கம்பெனிக்காரன் தேவைக்கு மேல் போட்டு ஏமாற்றுகிறான் என்பது அவன் கண்டுபிடிப்பு.

தொழிலாளர் குடியிருக்கிற வரிசை வீடுகளான லயத்தில் கரண்ட் கிடையாது. கார் பேட்டரிதான். அதைச் சாக்கில் கட்டித் தோளில் வைத்து டவுனுக்குக் கொண்டுபோய், ரேடியோ திருத்துகிற லாபிர் நானாவிடம் சார்ஜ் ஏற்றிக்கொண்டு வருவான். நானா அவனை ஒருநாளும் சும்மா அனுப்பியதில்லை.

"என்ன அழகமுத்து, டின் நெறஞ்சிட்டா?"

"நக்கல் பண்ணாதீங்க நானா. தோட்டத்துக்குக் கரண்ட் வரட்டும், அப்பறம் பாருங்க."

கரண்ட் வரவில்லை, போஸ்ட்டுகள் மட்டும் வந்திருந்தன. போன எலெக்‌ஷனுக்கு முந்தின வாரம் அவசர அவசரமாக நட்டுவிட்டுப் போனார்கள். கம்பி அடுத்த எலெக்‌ஷனுக்கு வரும் என்று பேச்சு. அதுவரை வீணாக நிற்பானேன் என்று பக்கத்துக் காம்பரா மருதாயி இரண்டு போஸ்ட்டுக்கு நடுவே கயிறு கட்டித் துணி காயப்போட்டாள். அந்தப் போஸ்ட்டுகளால் லயத்துக்குக் கிடைத்த ஒரே நன்மை அதுதான்.

அழகமுத்துவின் மனைவி ஜெயம்மா குவைத்தில் வீட்டு வேலைக்குப் போய் இரண்டு வருசம் ஆகப்போகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவள். அதனால் கடிதம் இல்லை, கெசட். ஒரே கெசட்தான் குவைத்துக்கும் றக்வானைக்குமாக அலையும். அவள் பேசி அனுப்புவாள், இவர்கள் கேட்டுவிட்டு அதன் மேலேயே பேசித் திருப்பி அனுப்புவார்கள். கொண்டுபோகிறது, கொண்டுவருகிறது எல்லாம் லாபிர் நானாவின் தங்கச்சி ஹபீஸாவும் அவளைப் போல அங்கே வேலை செய்கிற பெண்களும். டவுனைச் சுற்றி நாலைந்து தோட்டங்களுக்கு இதுதான் தபால்.

தொண்ணூற்றேழு ஆவணியில் வந்த கெசட்டில் ஜெயம்மா ஒரு கேள்வி கேட்டிருந்தாள்.

"ஷாமிளா அப்பா, பொரட்டாசியோட எனக்கு அக்ரிமெண்ட் முடியுது. வந்துரவா, இல்ல இன்னும் ரெண்டு வருசத்துக்குப் போடவா? நீங்க சொல்றதுதான். அதையும் சொல்லுங்க, சாமான் என்ன வேணும்னும் சொல்லுங்க."

சாமான் என்ற சொல்லைக் கேட்டதும் அழகமுத்துவின் மூளை டவுனுக்குப் போய்விட்டது. கலர் டிவி, வீடியோ டெக், ரிமோட். லாபிர் நானா கடையிலிருந்து பழைய கேட்டலாக் ஒன்றை வாங்கி வந்து, பரீட்சைக்குப் படிக்கிற பிள்ளை மாதிரி மாடல் நம்பர்களை மனப்பாடம் செய்தான். இதைப் பார்த்தால், பெண்டாட்டியை விட்டுவிட்டு டிவியோடு குடும்பம் நடத்தப்போகிறவன் என்றுதான் யாருக்கும் தோன்றும்.

ஆனால் உள்ளதைச் சொல்லவேண்டும். அவள் இல்லாத வீடு அவனுக்குப் பிடிக்கவில்லை. ஏழு வயது ஷாமிளாவுக்கு இரண்டு பக்கமும் ஒரே அளவாகச் சடை பின்ன இரண்டு வருசமாகியும் அவனுக்கு வரவில்லை. ராத்திரிச் சோற்றை முடித்துக்கொண்டு உட்கார்ந்தால், புதுசாகக் கண்டுபிடித்ததைச் சொல்ல ஆளில்லை. "ஆமாங்க, நீங்க சொன்னா சரியாத்தான் இருக்கும்" என்று ஒன்றும் புரியாமல் தலையாட்ட அந்த உலகத்தில் ஒரு ஜீவன்தான் இருந்தது. அது குவைத்தில் யார் வீட்டுப் பாத்திரத்தையோ கழுவிக்கொண்டிருந்தது. அவள் வரவேண்டும். இது அவனுக்குத் தெளிவாகத் தெரியும். எப்படி வாய்விட்டுச் சொல்வது என்பதுதான் எந்தக் கேட்டலாக்கிலும் இல்லை.

ஞாயிற்றுக்கிழமை பகல் ரெக்கோடிங். அழகமுத்துவின் காம்பராவுக்குள் பத்துப் பேர். டூ-இன்-வன்னை ஸ்டூலில் வைத்து, அடியில் துவாலை மடித்துப் போட்டு, கோழியை வெளியே விரட்டிக் கதவைச் சாத்திவிட்டு அவன் பாடம் எடுத்தான்.

"கெசட்டு தலப்புல வெள்ள நாடா இருக்கு. அதுல குரல் ஒட்டாது. அது ஓடி முடியறவரைக்கும் யாரும் வாயத் தொறக்கப்படாது. நான் கையத் தூக்கியிருப்பேன். கீழ எறக்கினதும் பேசணும். வெளங்குதா?"

வெளங்கிச்சு என்றார்கள். அவன் பட்டனை அமுக்கினான். உடனே மருதாயி ஆரம்பித்தாள்.

"அன்புள்ள மகள் ஜெயம்மாவுக்கு மருதாயி எழுதிக்கொள்வது என்னவென்றால், நாங்கள் யாவரும் சுகம்..."

"நிப்பாட்டு! நிப்பாட்டு! இப்பத்தான சொன்னேன்? நீ பேசுனதெல்லாம் காத்தோட போச்சு. வெள்ள நாடா ஓடுறப்ப பேசுனா ஊமையன் பேசுன மாதிரி. ஒனக்கெல்லாம் எத்தன தரம் சொன்னாலும் ஏறாது."

மருதாயி முகம் சுண்டிப்போனது. மறுபடி ஓடவிட்டு, மனசுக்குள் ஒன்றிலிருந்து ஏழு வரை எண்ணிக் கையை இறக்கினான். இந்தத் தடவை மருதாயி சரியாக ஆரம்பித்து, 'இப்படிக்கு மருதாயி' வரைக்கும் ஒரு எழுத்து விடாமல் பேசி முடித்தாள். பிறகு ஒவ்வொருவராகக் கடிதத்தை வாயால் எழுதினார்கள். ஷாமிளா ஒன்பதாம் வாய்பாட்டைச் சொன்னாள். ஒவ்வொன்றையும் அழகமுத்து போட்டுக் கேட்டான். இருமல் விழுந்திருந்தால் மறுபடி பேசவைத்தான். தரம் முக்கியம்.

ஏ பக்கம் முடிந்ததும் எல்லோரையும் வெளியே போகச் சொன்னான்.

"எதுக்கு?" என்றாள் மருதாயி.

"சைலன்ஸ் வேணும். க்வாலிட்டிக்கு."

க்வாலிட்டிக்கு இல்லை, வெட்கத்துக்கு. கதவைத் தாழ் போட்டான். கெசட்டைத் திருப்பிப் போட்டான். தைரியம் இறங்குவதற்குள் சொல்லிவிட வேண்டும் என்று இரண்டு பட்டனையும் சேர்த்து அமுக்கி, மூச்சைப் பிடித்துக்கொண்டு சொன்னான்:

"ஜெயம்மா, நீ வந்துரு புள்ள. நீ இல்லாம எனக்கு முடியல."

சொல்லிவிட்டான். காது இரண்டும் சூடாகிப்போயின. ஒரு முறை மூச்சை இழுத்து விட்டுக்கொண்டு, தெரிந்த பாதைக்கு வந்தான்.

"அதோட ஒரு கலர் டிவி. இருபத்தொரு இஞ்சி..."

அதற்குப் பிறகு அவனை நிறுத்த ஆளில்லை. டிவியின் மாடல் நம்பர், டெக்கில் எத்தனை ஹெட் இருக்கவேண்டும், ரிமோட்டுக்கு என்ன பேட்டரி, பெட்டியை எப்படிச் சாய்க்காமல் அனுப்பவேண்டும் என்று இருபது நிமிசம். மற்றவர்கள் பேசியதையெல்லாம் போட்டுக் கேட்டுத் திருத்தியவன் இதைப் போட்டுக் கேட்கவில்லை. அந்த முதல் வரியைத் தன் குரலிலேயே கேட்க அவனுக்குக் கூச்சமாக இருந்தது. கெசட்டைப் பெட்டியில் போட்டு நூல் கட்டினான்.

மறுநாள் கடையில், லீவு முடிந்து குவைத்துக்குத் திரும்பவிருந்த ஹபீஸாவிடம் கொடுத்தபோது லாபிர் நானா விடவில்லை.

"கலர் டிவியா? தோட்டத்துல கரண்ட் எங்க ஈக்கி?"

"போஸ்ட் நட்டாச்சு நானா."

அதற்குப் பிறகு அழகமுத்து வேறு ஆளாகிவிட்டான். காம்பராவுக்குச் சுண்ணாம்பு அடித்தான். புதுப் பாய் வாங்கினான். ஸ்குரு டின்னை அடுப்பு மேட்டிலிருந்து எடுத்து ஒளித்து வைத்தான், வந்ததும் வராததுமாக அவள் கண்ணில் படவேண்டாம் என்று. "அம்மா தீவாளிக்கு வந்துருவா" என்று ஷாமிளாவிடம் சொன்னான். ஷாமிளா பள்ளிக்கூடத்தில் ஒருத்தர் மிச்சமில்லாமல் சொல்லிவைத்தாள்.

தீபாவளிக்கு ஒரு வாரம் இருக்கும்போது, கொழும்பிலிருந்து குவைத் சாமான் வந்திருக்கிறது என்றும், தோட்டத்து லொறியில் ஏற்றிவிட்டதாகவும் லாபிர் நானா சொல்லி அனுப்பினார். அழகமுத்து சலவைச் சட்டை போட்டுக்கொண்டு, மகளையும் கூட்டிக்கொண்டு ஃபாக்டரி வாசலுக்கு ஓடினான். லொறியில் பெரிய பெட்டி ஒன்று, சின்னப் பெட்டி ஒன்று. அவன் பெட்டியைப் பார்க்கவில்லை, டிரைவர் பக்கத்து சீட்டைப் பார்த்தான். பிறகு லொறியின் பின்பக்கம் போய்ப் பார்த்தான்.

"அம்மா எங்கப்பா?" என்றாள் ஷாமிளா.

"பஸ்ஸுல வருவா."

நாலு பேர் சுமந்து காம்பராவுக்குள் இறக்கினார்கள். லயமே திரண்டுவிட்டது. பெட்டியைப் பிரித்தால், அவன் சொன்ன அதே மாடல், அதே இஞ்சி, ரிமோட், அதற்கு அவன் சொன்ன பேட்டரி. ஒரு எண் பிசகவில்லை. கறுப்புக் கண்ணாடியில் லயத்துச் சனம் முழுக்கத் தங்கள் முகத்தைப் பார்த்துக்கொண்டது. கரண்ட் இல்லாத இடத்தில் அவ்வளவுதான் தெரியும். பிளாஸ்டிக் உறைக்குள் கெசட் இருந்தது.

"போடுப்பா, கேப்போம்" என்றாள் மருதாயி.

போட்டான்.

"ஷாமிளா அப்பா, நான் நல்லா இருக்கேன். சாமான் எல்லாம் நம்பர் பாத்துத்தான் வாங்குனேன். எனக்குப் படிக்கத் தெரியாதில்ல, கடக்காரன்கிட்ட கெசட்ட போட்டே காட்டிட்டேன். மலையாளத்து ஆளு. ஒங்களுக்கு நல்ல வெவரம்னு சொன்னான்."

கூட்டம் அழகமுத்துவைப் பெருமையாகப் பார்த்தது.

"நான் ஒண்ணு கேட்டிருந்தேன், வரவா போடவான்னு. அதுக்கு மட்டும் ஒண்ணுஞ் சொல்லலியே நீங்க. நாலு தரம் போட்டுப் பாத்தேன். எடுத்ததுமே அதோட ஒரு கலர் டிவிங்கிறீங்க. எதோடன்னு தெரியல. ஒங்க பக்கத்த அழிக்காம வச்சிருக்கேன், நீங்களே கேளுங்க. நீங்க கேட்டதெல்லாம் அனுப்பிட்டேன். என்னய நீங்க கேக்கல. அதான் இன்னும் ரெண்டு வருசத்துக்குக் கையெழுத்துப் போட்டுட்டேன். புள்ளைக்குத் தலைக்கு எண்ண வச்சு விடுங்க."

அழகமுத்து கெசட்டைத் திருப்பிப் போட்டு ஆரம்பத்துக்கு ஓட்டினான். அமுக்கினான். சத்தமில்லை. ஒன்று, இரண்டு, மூன்று என்று தன்னை அறியாமல் எண்ணினான். பிறகு கணீரென்று, உயர்ந்த தரத்தில், அவன் குரல்:

"அதோட ஒரு கலர் டிவி. இருபத்தொரு இஞ்சி..."

மறுபடி ஆரம்பத்துக்கு ஓட்டி, கெசட்டை வெளியே எடுத்தான். அதன் வாயில் வெள்ளை நாடா பல்லைக் காட்டிக்கொண்டிருந்தது. பத்துப் பேருக்குப் பாடம் நடத்தியவன் தன் முறை வந்தபோது தனக்குக் கையைத் தூக்கவில்லை. விஞ்ஞானம் தெரிந்த மனுசனுக்கு யார் கை தூக்குவார்கள்? அவனுக்கு அழுகை வந்தது. ஷாமிளா பக்கத்தில் நின்றதால் விழுங்கிக்கொண்டான்.

"நான் சொன்னேன், மருதாயி. வந்துருன்னுதான் மொதல்ல சொன்னேன். வெள்ள நாடாவுல சொல்லிட்டேன்."

மருதாயி அவனை ஏசுவாள் என்று எல்லோரும் எதிர்பார்த்தார்கள். அதற்கு அவளுக்குப் பாத்தியதையும் இருந்தது. அவள் ஸ்டூலை இழுத்துப் போட்டாள்.

"சரி, இப்பச் சொல்லு. நாங்க வெளிய போகணுமா?"

"வேணாம். இருங்க."

அவன் கெசட்டைப் போட்டு இரண்டு பட்டனையும் அமுக்கினான். வாயைத் திறந்தான். மருதாயி சட்டென்று கையைத் தூக்கினாள்.

"பேசாத. இன்னும் வெள்ள நாடா ஓடுது."

உதடு அசைய எண்ணிக்கொண்டே, அவன் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு கையை இறக்கினாள்.

"ஜெயம்மா, நீ வந்துரு புள்ள" என்றான் அழகமுத்து, லயமே கேட்கும்படி. "நீ இல்லாம எனக்கு முடியல."

இந்தத் தடவை போட்டுக் கேட்டான். ஒரு இருமல் இல்லை, இரைச்சல் இல்லை, ஒவ்வொரு சொல்லும் தெளிவாகப் பதிந்திருந்தது. அவள் கையெழுத்துப் போட்ட இரண்டு வருசத்தில் அன்றைக்குப் பத்து நாள்தான் கழிந்திருந்தது.