முனிலட்சுமியின் இன்ஜின்

முனிலட்சுமியைக் குளிப்பாட்டுவதற்கு நஞ்சம்மாவுக்கு ஒரு பெஞ்சு வேண்டியிருந்தது. வீட்டில் இருந்தது ஒரே பெஞ்சு. அது பின்னறை ஜன்னலோரம் கிடந்தது. அதன் மேல் இன்ஜின் இருந்தது. சுற்றிலும் அரம், குறடு, ஈயத்துண்டுகள், எண்ணெய்த் துணி. அவள் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டு இன்ஜினை இரண்டு கையாலும் பிடித்துத் தூக்கப் போனாள்.

"அதத் தொடாதக்கா" என்றான் சென்னப்பன்.

விடியற்காலை ஐந்தரை மணிக்கு மனைவியின் கண் மூடியதிலிருந்து அவன் பேசிய முதல் வார்த்தை அது. நஞ்சம்மாவுக்குச் சுருக்கென்றது. தம்பி பெண்டாட்டிக்குக் காய்ச்சல் என்று கேள்விப்பட்டு நாகரசம்பட்டியிலிருந்து வந்து பன்னிரண்டு நாளாகக் கண்விழித்தவள் அவள்.

"பொண்டாட்டி கூடத்துல கெடக்கறா, ஒனக்கு இதுதான் பெருசாப் போச்சா? நான் என்னா இதத் தின்னுடப் போறனா?"

அவன் குறுக்கே வந்தான். இன்ஜினைத் தானே தூக்கி மூலையில் வைத்தான். பெண்கள் பெஞ்சைக் கொல்லைப்புறம் கொண்டுபோனார்கள்.

எதிர்வீட்டு ராமப்பன் பந்தலுக்குக் கயிறு கேட்டு உள்ளே வந்தவர், மூலையைப் பார்த்துவிட்டு நின்றார். வெளியே போய் அவர் சொன்னது ஜன்னல் வழியாக நன்றாகவே கேட்டது.

"பி.எஸ்ஸி. படிச்சவன்பா. பத்தொம்போது நாளா அவ ஒரு ரூம்புல, இவன் ஒரு ரூம்புல. ரயிலு பண்ணிக்கினு இருந்தான்."

"ரயிலா?"

"பொம்ம ரயிலு. ஏறிக்கினு போலாம், எறும்பு."

யாரோ சிரித்து, இடம் தெரிந்து நிறுத்திக்கொண்டார்கள்.

முதல் பஸ்ஸிலேயே அஞ்செட்டிக்கு ஆள் போயிருந்தது. பிறந்த வீட்டுக் கோடிப்புடவை வந்து போர்த்தாமல் எடுக்கக்கூடாது. காட்டு வழி, இருப்பதே இரண்டு பஸ். மூன்று மணிக்கு முன்னால் மாமனார் வர வழியில்லை என்று ராமப்பன் கணக்குச் சொன்னார். சென்னப்பன் கடிகாரத்தைப் பார்த்தான். எட்டரை. மாமனார் வந்து கோடியைப் போர்த்துவார், அழுவார், பிறகு ஒரு கேள்வி கேட்பார். காலையிலிருந்து அவனுக்கு வேறு எந்த நினைப்பும் வரவில்லை.

இன்ஜின் மாமனார் கங்கப்பனுடையது. மொரப்பூரிலிருந்து ராயக்கோட்டை வழியாக ஓசூருக்கு ஓடிய சின்ன ரயிலில் அவர் கரி அள்ளிப் போட்டவர். யுத்தத்தின்போது தண்டவாளத்தையே பெயர்த்துக்கொண்டு போனார்கள். ஊரைவிட்டுப் போன வெள்ளைக்கார அதிகாரி ஒருவர் அலமாரியிலிருந்த மாதிரி இன்ஜினை எடுத்து அவர் கையில் கொடுத்தார். ஒரு தேக்குப் பலகை, அதன்மேல் புகைபோக்கி வைத்த செம்புக் கொதிகலன், கட்டைவிரல் பருமனில் பித்தளைச் சிலிண்டர், ஒரு இரும்புச் சக்கரம். அடியில் ஸ்பிரிட் விளக்கு. பலகை மேலேயே நின்று சக்கரத்தைச் சுற்றும். சின்ன வயதில் முனிலட்சுமி அதை ஓடப் பார்த்திருக்கிறாள். பிறகு துரு ஏறி நின்றுவிட்டது. கல்யாணத்தில் அண்டா குண்டாவோடு அதுவும் வந்தது.

"ஓட வெச்சிருவீங்களா?" என்று வந்த மறுநாளே கேட்டாள்.

"அதென்ன பிரமாதம்" என்றான். ஹைஸ்கூலில் ஆவி இன்ஜினைப் பலகையில் படம் போட்டு நடத்துகிற சயின்ஸ் வாத்தியார் அவன். இரண்டு வருஷம் அது பரண்மேல் கிடந்தது.

காய்ச்சல் கண்ட மூன்றாம் நாள் அவள் மறுபடி கேட்டாள். டாக்டர் டைபாய்டு என்று சொல்லியிருந்தார். அவன் பரணில் ஏறினான். அவள் பக்கத்தில் உட்கார்ந்து காய்ச்சலில் வெடித்த அந்த உதட்டைப் பார்த்துக்கொண்டிருப்பதைவிடத் துருவைச் சுரண்டுவது சுலபமாக இருந்தது. கொதிகலன் மூட்டில் கசிவு இருந்தது, ஈயம் பற்றவைத்தான். சிலிண்டரை மண்ணெண்ணெயில் ஊறப்போட்டான்.

"ஆச்சா?" என்று பக்கத்து அறையிலிருந்து கேட்பாள்.

"இன்னும் கொஞ்சம்."

"நானும் ஓடறதப் பாத்துட்டுத்தான் போவேன். பாக்காம போமாட்டேன்." சிரித்துக்கொண்டுதான் சொன்னாள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம், அவள் தூங்கும்போது, இன்ஜின் ஓடியது.

ஓடிய ஓட்டத்தை அவன் ஒரு நிமிஷம் பார்த்தான். பிறகு விளக்கை ஊதி அணைத்தான். வால்வை அசைக்கும் கம்பியில் ஒரு சின்னத் திருகாணி உண்டு. அது இல்லாவிட்டால் எதுவும் நகராது. அதைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான். முந்தின நாள்தான் நஞ்சம்மா முனிலட்சுமி கையில் மந்திரித்த கயிறு கட்டியதற்கு, இதையெல்லாம் இன்னும் நம்புகிறாயா என்று சண்டை போட்டிருந்தான்.

"ஒரு திருகாணி காணோம் லட்சுமி. பெங்களூர்க்கு எழுதிப் போட்டிருக்கேன்."

அதற்கப்புறம் அவள் ஆச்சா என்று கேட்கவில்லை. தபால் வந்ததா என்று கேட்டாள். தினமும் கேட்டாள். நேற்றுச் சாயங்காலம் குரல் எழும்பாமல் வாயசைத்துக் கேட்டாள். நாளைக்கு வரும் என்றான்.

கங்கப்பனும் மாமியார் மங்கம்மாவும் மூன்றரை மணிக்கு வந்தார்கள். தெருமுனையிலேயே மங்கம்மாவின் குரல் கேட்டது. கோடி போர்த்தினார்கள். குளிப்பாட்டி, மஞ்சள் பூசி, தலை நிறையப் பூ வைத்திருந்த மகளைப் பார்த்துக்கொண்டு கங்கப்பன் கொஞ்ச நேரம் நின்றார். அழவில்லை. பிறகு பின்னறைக்கு வந்து மூலையில் குந்தினார். கொதிகலனின் அடியில் விரலை வைத்துத் தடவினார். செம்பு அங்கே நீலமும் ஊதாவுமாக நிறம் மாறியிருந்தது.

"நெருப்புக் கண்டிருக்குதே மாப்ள."

சென்னப்பன் அவருக்குப் பின்னால் வந்து நின்றான்.

"ஓடுச்சா?"

"ஓடுச்சுங்க மாமா."

"எப்ப?"

"பத்து நாளாச்சு."

கங்கப்பனின் முகம் கொஞ்சம் தெளிந்தது. "அப்ப பாத்துட்டா."

ஆமாம் என்று சொன்னால் போதும். அவன் வாயைத் திறந்தான்.

"இல்லீங்க மாமா. பாக்கல."

"ஏன்?"

"பாத்துட்டுத்தான் போவேன்னு சொன்னா."

பெரியவர் அவனை நிமிர்ந்து பார்த்தார். கூடத்தில் ஒப்பாரி ஏறி இறங்கியது. அவர் மறுபடி இன்ஜினுக்குத் திரும்பி, கம்பியை விரலால் ஆட்டிப் பார்த்தார். அது தொளதொளவென்று ஆடியது.

"இங்க இருக்கற திருவாணி எங்க?"

சென்னப்பன் சட்டைப் பையிலிருந்து எடுத்து நீட்டினான். அவர் அதை வாங்கவில்லை. வெகுநேரம் அவன் உள்ளங்கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு முழங்காலில் கையூன்றி எழுந்தார்.

"போட்டு எடுத்துக்கினு வாங்க" என்றார். "அவளுக்கு முன்னால வெய்ங்க."

நஞ்சம்மா குறுக்கே வந்தாள். "எடுக்காத ஊட்ல நெருப்பா? அடுப்பே பத்த வெக்கல, டேய். ஊரே காறித் துப்பும்."

"வெக்கச் சொல்லு" என்றாள் மங்கம்மா, மகளின் தலைமாட்டிலிருந்து.

திருகாணி இரண்டு சுற்றில் உட்கார்ந்தது. தண்ணீர் ஊற்றி, ஸ்பிரிட் ஊற்றி, கால்மாட்டில் வைத்துப் பற்றவைத்தான். கால் மணி நேரம் ஆயிற்று. ஒப்பாரி தானாக ஓய்ந்தது. வாசலில் மேளக்காரர்கள் குச்சியை நிறுத்திவிட்டு எட்டிப் பார்த்தார்கள். ராமப்பன் மேல்துண்டைக் கையில் எடுத்துக்கொண்டார். சென்னப்பன் சக்கரத்தை விரலால் ஒருமுறை தள்ளினான். சிலிண்டர் நாலு தடவை தண்ணீரைக் கக்கியது. பிறகு பிடித்துக்கொண்டது.

நன்றாக ஓடியது. ஒரு குறையும் இல்லாமல், சக்கரத்தின் ஆரக்கால்கள் கண்ணுக்குத் தெரியாத வேகத்தில் ஓடியது.

"லேச்சி சூடம்மா" என்றாள் மங்கம்மா. எழுந்து பார் என்று மகளிடம் தெலுங்கில் சொன்னாள். உரத்துச் சொல்லவில்லை. காலையில் பள்ளிக்கு எழுப்புகிற மாதிரி சொன்னாள். "லேச்சி சூடம்மா."

"பொழுது சாயுது, தூக்குங்கப்பா" என்றார் ராமப்பன்.

தூக்கினார்கள். மேளம் ஒரேயடியாக எழுந்தது. சென்னப்பன் கையில் நெருப்புச் சட்டியைக் கொடுத்து முன்னால் தள்ளினார்கள். கங்கப்பன் பாடைக்கு ஒரு கை கொடுத்துப் பின்னால் வந்தார். சுடுகாடு ஏரிக்கு அந்தப் பக்கம். விறகு ஈரமாயிருந்ததால் தாமதமாயிற்று. அவன் சொன்னதைச் செய்தான். சுற்றச் சொன்னபோது சுற்றினான், திரும்பிப் பார்க்காமல் போ என்றபோது போனான். ஏரியில் தலை முழுகி எழுந்தபோதுதான் விளக்கை அணைக்கவில்லை என்பது நினைவுக்கு வந்தது. பக்கத்தில் மாமனாரும் தண்ணீரில் நின்று வீட்டுத் திசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். கொதிகலன் வறண்டால் என்ன ஆகும் என்பதை அவருக்கு யாரும் சொல்ல வேண்டியதில்லை. ஸ்பிரிட் தீர்ந்து அணைந்திருக்கும் என்று சென்னப்பன் நினைத்துக்கொண்டான். கொஞ்சம்தான் ஊற்றியிருந்தான்.

ஈர வேட்டியோடு வாசலுக்கு வந்தபோது விளக்கு வைக்கும் நேரம். வீடு கழுவி மெழுகியிருந்தது. முனிலட்சுமி கிடந்த இடத்தில் இன்ஜின் மட்டும் நகர்த்தப்படாமல் இருந்தது. அடியில் மஞ்சள் தீ நின்று எரிந்தது. செம்பு கரிப்பிடித்துக் கறுத்திருந்தது. மூட்டு பிளந்து புகைபோக்கி சாய்ந்துவிட்டது. உருகிய ஈயம் ஈரச் சாணித்தரையில் மணிமணியாகச் சிதறிக் கிடந்தது.

பக்கத்தில் மங்கம்மா விளக்கெண்ணெய்க் கிண்ணத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"ரெண்டு தரம் மங்கிப் போச்சு மாப்ள. எடுத்த எடத்து வெளக்காச்சே, அணைய உடல. எண்ண ஊத்திக்கினே இருந்தேன்."

கங்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். சென்னப்பன் அவர் கையைத் தொட்டான்.

"சரிங்க அத்தை" என்றான்.

அவள் கிண்ணத்தைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் ஊற்றினாள். மயானத்திலிருந்து வந்தவர்கள் வாசலில் கால் நனைத்துவிட்டு வரிசையாக உள்ளே வந்தார்கள். ராமப்பன் முதலில் குனிந்து விளக்கைக் கும்பிட்டுவிட்டு நகர்ந்தார். அடுத்தவர் கும்பிட்டார். சென்னப்பன் வரிசையில் நின்றான்.