பேஸைத் திருடியவன்

கபோ தரையில் முட்டி போட்டு, இடது ஸ்பீக்கரின் திருகாணிகளை டார்ச் வெளிச்சத்தில் ஒவ்வொன்றாகப் பார்த்தார். கடைசித் திருகாணியைச் சுற்றி மரத்தில் ஒரு கீறல். புதிது போலத்தான் இருந்தது. எச்சில் தொட்டுத் தேய்த்தும் போகவில்லை.

"யாரோ கழட்டியிருக்கான்."

"போன கிறிஸ்துமஸுக்கு நீங்கதான் கழட்டினீங்க," என்றாள் ராயிசிபே சமையலறையிலிருந்து. "திரும்ப மாட்ட வராம என்மேல எரிஞ்சு விழுந்தீங்களே, மறந்துபோச்சா?"

மனைவிமாருக்கு வேண்டாத இடத்தில்தான் ஞாபகசக்தி வேலை செய்யும் என்று அவர் நினைத்துக்கொண்டார். அவளும் இதில் கூட்டோ என்றுகூட ஒரு நொடி தோன்றியது. குடல் கறியைக் கிண்டிக்கொண்டிருப்பவளுக்கு ஸ்பீக்கருக்குள் பேஸ் எழுப்பும் ஊஃபரை வைத்து என்ன ஆகப்போகிறது என்று அந்த எண்ணத்தைத் தள்ளிவிட்டார். முழுதாகத் தள்ளிவிட்டார் என்று சொல்வதற்கில்லை.

விஷயம் இதுதான். ஈஸ்டர் முடிந்ததும் அக்காவின் அடக்கத்துக்காக இருவரும் ஊருக்குப் போயிருந்தார்கள். நாய்க்குச் சோறு வைக்க வீட்டுச் சாவி ஜாஸ் சங்கத்து நண்பன் மஷூடுவிடம் இருந்தது. திரும்பி வந்தபோது மகள் அனுப்பிய சாய்வு நாற்காலி வாசலில் வந்து இறங்கியிருந்தது. ரயில்வேயிலிருந்து ஓய்வு பெற்றதற்குப் பரிசு. காலை நீட்டிச் சாய்ந்தால் எந்தச் சுவரோரம் போட்டாலும் இடித்தது. கூடத்தின் நட்டநடுவில் போட்டார்கள். அதில் ராஜா மாதிரி சாய்ந்துகொண்டு, அவருக்கு உயிரான இசைத்தட்டைப் போட்டுக் கேட்டால், ட்ரம்பெட் இருக்கிறது, பியானோ இருக்கிறது, அடிநாதம் தரும் டபுள் பேஸ் வாசிக்கிறவனை மட்டும் காணோம். சம்பளம் தராமல் துரத்திவிட்டதுபோல ஆள் சுத்தமாக இல்லை. அன்றிலிருந்து கபோவுக்குச் சோறு இறங்கவில்லை.

ஒயரை மாற்றினார். பேஸ் குமிழைக் கடைசிவரை திருகினார். பக்கத்து வீட்டுக்காரி வந்து, சுவரே அதிருது, குழந்தை தூங்கவில்லை என்று கத்திவிட்டுப் போனாள். இல்லாத பேஸ் அவள் சுவரை எப்படி அதிரவைக்கும்? அவளையும் யாரோ ஏவிவிட்டிருக்கிறார்கள் என்றே கபோவுக்குப் பட்டது. எந்தப் பக்கம் யோசித்தாலும் யோசனை மஷூடுவிடம்தான் போய் நின்றது. சாவி இருந்தது அவனிடம். இதே மாதிரி பழைய ஸ்பீக்கர் இருப்பதும் அவனிடம். அதன் ஊஃபர் கிழிந்துபோய்ப் பல நாளாகப் புலம்பிக்கொண்டிருந்தான். போன மாதம் அவன் வீட்டில் சங்கம் கூடியபோது பேஸ் இடித்துத் தள்ளியது. "எப்படிய்யா சரி பண்ணே?" என்று கேட்டதற்கு, "சும்மா பசை போட்டு ஒட்டினேன்," என்று சிரித்தான். அந்தச் சிரிப்பை கபோ அதற்குப் பிறகு எத்தனையோ தடவை மனதுக்குள் திருப்பிப் போட்டுப் பார்த்துவிட்டார். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் கோணலாகிக்கொண்டே வந்தது.

மதியம் சங்கத்தார் வந்து சேர்ந்தார்கள். மமெலோடி நகரியத்தில் ஞாயிற்றுக்கிழமை ஜாஸ் சங்கம் என்றால் விளையாட்டில்லை. தொப்பி, பளபளக்கும் இரட்டை நிற ஷூ, கஞ்சி மொடமொடக்கும் சட்டை. யாருக்கு எந்த வீட்டில் எந்த இடம் என்பது எழுதாத சட்டம்; ஒருத்தர் நாற்காலியில் இன்னொருத்தர் உட்காருவதில்லை. தட்டு சுழலும்போது நடமாடுவது ஜெபத்தின் நடுவில் எழுந்துபோவதற்குச் சமம். மஷூடுவின் இடம் பின்சுவரை ஒட்டிய மர நாற்காலி. வந்ததும் தொப்பியை முழங்காலில் மாட்டிக்கொண்டு அதில் அமர்ந்தான்.

"உன் வீட்டுக்கு வந்தாத்தான்யா எனக்குப் பேஸ் முதுகெலும்புல ஏறுது," என்றான்.

திருடின வீட்டிலேயே வந்து புகழ்கிற நெஞ்சழுத்தம்! கபோ ஊசியை இறக்கிவிட்டுச் சாய்வு நாற்காலிக்கு வந்தார். பாட்டு நகர்ந்தது. பேஸ்காரன் தனியாக வாசிக்கும் இடம் வந்தது. அவர் காதில் விழுந்ததெல்லாம் தந்தியில் விரல் உரசும் சத்தம்தான், அடியில் ஒன்றுமில்லை. மெல்லத் திரும்பிப் பார்த்தார். மஷூடு கண்ணை மூடிக்கொண்டு, ஒவ்வொரு சுரத்துக்கும் குதிகாலைத் தட்டிக்கொண்டிருந்தான். இல்லாத ஒன்றுக்குத் தாளம்! எப்பேர்ப்பட்ட நடிகன்!

கபோ எழுந்து போய்த் தட்டை நிறுத்தினார். அறை திடுக்கிட்டது. பாட்டை நடுவில் நிறுத்துவது அந்தச் சங்கத்தில் யாரும் பார்க்காத அபசாரம்.

"என்னாச்சுய்யா?" என்றார் தலைவர் ஜெரமையா.

"அவனையே கேளுங்க. ஊருக்குப் போனப்ப சாவி அவன்கிட்டதான் இருந்துச்சு. என் ஊஃபரை எடுத்துட்டு அவனோட ஒட்டுப்போட்டதை மாட்டி வச்சிருக்கான்."

மஷூடு முதலில் சிரித்தான். வேறு யாரும் சிரிக்காததைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான்.

"கபோ. தமாஷ்தானே?"

"தமாஷா? சாவியைக் குடுத்தேன் பாரு, அதுதான்டா தமாஷ்."

"உங்க அக்காவுக்கு அங்க நீ மண்ணு போட்டுக்கிட்டிருந்த. நான் இங்க உன் நாய்க்கு வடிச்சுப் போட்டுக்கிட்டிருந்தேன்," என்றான் மஷூடு. குரல் உயரவில்லை. "நம்ம ரெண்டு பேரும் ஒண்ணாப் போய் வாங்கிட்டு வந்த ஸ்பீக்கர் அது. மழை வந்துச்சுன்னு என் கோட்டைக் கழட்டிப் போர்த்தினேன். அதையாடா நான் திருடுவேன்?"

கபோ சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். மஷூடு தொப்பியைத் தலையில் வைத்துக்கொண்டு கதவைத் திறந்துபோட்டுவிட்டு வெளியே போனான்.

"இரு, இரு," என்றார் ஜெரமையா. "சும்மா ஒருத்தன்மேல பழி போடக் கூடாது. மறுபடி போடு. உன் இடத்துல உக்காந்து நானே கேக்கறேன்." கனத்த உடம்பைச் சாய்வு நாற்காலியில் இறக்கினார்.

கபோ ஊசியை இறக்கிவிட்டுத் திரும்பினார். தன் இடம் பறிபோயிருந்தது. காலியாக இருந்தது ஒரே ஒரு நாற்காலி. போய் உட்கார்ந்தார். பலகையில் இன்னும் மஷூடுவின் சூடு இருந்தது.

பேஸ் வந்தது.

மர நாற்காலியின் காலில் ஏறி, இடுப்பில் ஏறி, நெஞ்சுக்கூட்டுக்குள் வந்து உட்கார்ந்தது. பெரிய தந்தி, சின்னத் தந்தி, விரல் வழுக்கும் இடம், எல்லாம். ஒரு சுரமும் குறையவில்லை. நடுக்கூடத்தில் இல்லாமல் போனதெல்லாம் இந்தச் சுவரோரம் குவிந்து கிடந்தது. பேஸ் கூடத்தின் நடுவில் செத்துப்போய்ச் சுவரோரம் சேருகிற ஒலி என்பதும், மகள் அனுப்பிய நாற்காலியைச் சரியாக அந்த நடுவில் போட்டோம் என்பதும் அவருக்கு அப்போதுதான் உறைத்தது. ஊஃபரை யாரும் தொடவே இல்லை. யாரும் எதையும் எடுக்கவில்லை. அவமானத்தில் காது மடல் எரிந்தது.

சாய்வு நாற்காலியிலிருந்து ஜெரமையா கையை உயர்த்தினார்.

"கபோ சொன்னது சரிதான்யா! பேஸே இல்ல. சக்கை. திருட்டுப் பய, எத்தனை வருஷமா நம்மகூட உக்காந்து தின்னிருக்கான்! சங்கத்துல இனிமே அவன் கால் வைக்கக் கூடாது."

"ஆமா ஆமா," என்றன இரண்டு மூன்று குரல்கள்.

திறந்த கதவு வழியாக மஷூடுவின் பழைய கார் உறுமி அணைவது கேட்டது. மறுபடி சாவியைத் திருகினான். மறுபடி அணைந்தது. எழுந்து ஓடினால் பிடித்துவிடலாம். தட்டு சுழன்றுகொண்டிருந்தது. கபோ நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார்.

"அங்க எப்படிய்யா?" ஜெரமையா கழுத்தைத் திருப்பினார். "அங்கயும் ஒண்ணுமில்லதானே?"

எல்லா முகங்களும் பின்சுவரை நோக்கித் திரும்பின. கபோ வாயைத் திறந்தார். வெளியே எஞ்சின் பற்றிக்கொண்டது. அந்த உறுமலும் பேஸும் ஒன்றாகக் கலந்து ஒரு கணம் அவர் விலாவுக்குள் அதிர்ந்தன. பிறகு உறுமல் மட்டும் தெருமுனை நோக்கி நகர ஆரம்பித்தது.